உடலுக்கும் ஒரு வரலாறு உண்டு

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, எளிதில் கிடைக்காத நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவையாருக்குக் கொடுத்த கதையைக் கேட்காத தமிழ்ப் பிள்ளை இருக்க முடியாது. அந்தத் தகடூர்தான் இன்றைய தருமபுரி. இதே அதியமானின் முன்னோர்தான் கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் என்றும் புறநானூறு சொல்கிறது. நெல்லியும் கரும்பும் ஒரே குடியின் பெயரோடு ஒட்டி நிற்கின்றன. மனித உடல் சில நோய்களுக்கு ஏன் இவ்வளவு எளிதில் இடம் கொடுக்கிறது என்பதற்குப் பரிணாம உயிரியல் தரும் விளக்கத்தையும் இந்த இரண்டிலிருந்தே தொடங்கலாம்.

ஆடும் மாடும் நாயும் தங்களுக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தங்கள் உடலிலேயே தயாரித்துக்கொள்கின்றன. மனிதரால் அது முடிவதில்லை. அதற்கான மரபணு நம்மிடமும் இருக்கிறது. ஆனால் பழுதாகிக் கிடக்கிறது. சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு குரங்கினத்தின் மூதாதைகளிடம் நேர்ந்த பழுது அது. பழமும் தளிரும் தின்று மரங்களில் வாழ்ந்த உயிர்களுக்கு வைட்டமின் சி உணவிலேயே தாராளமாகக் கிடைத்ததால், பழுது யாரையும் சாய்க்கவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கடந்து வந்துவிட்டது. காயும் கனியும் காணாமல் மாதக்கணக்கில் கடலில் கிடந்த மாலுமிகள் ஈறு வீங்கி, இரத்தம் கசிந்து மடிந்தபோதுதான் அதன் விலை தெரிந்தது. 1747-இல் ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்து ஸ்கர்வி என்னும் அந்த நோயைத் தணித்துக் காட்டினார். வைட்டமின் சி மிகுந்த கனிகளில் முன்வரிசையில் நிற்பது நம் நெல்லி.

கரும்பின் கதை வேறு. இனிப்பைத் தேடும் நாக்கில் பழுது ஏதும் இல்லை. அது ஒரு காலத்தில் உயிர் காத்த நாக்கு. காட்டில் இனிப்பு என்றால் பழுத்த கனி, இல்லாவிட்டால் தேன். இரண்டும் எப்போதாவது கிடைப்பவை, கிடைத்தால் உடலுக்கு வலு சேர்ப்பவை. இன்று தருமபுரி மாவட்டத்தில் மட்டும் பாலக்கோட்டில் ஒன்று, அரூரை அடுத்த கோபாலபுரத்தில் ஒன்று என இரண்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. டீக்கடைக்கு நான்கு முறை போனால் நான்கு முறையும் சர்க்கரை கிடைக்கிறது. நாக்கு மட்டும் காட்டில் கற்ற பாடத்தை இன்னும் மறக்கவில்லை.

1991-இல் அமெரிக்க மனநல மருத்துவர் ராண்டால்ஃப் நெஸ்ஸியும் பரிணாம உயிரியலாளர் ஜார்ஜ் வில்லியம்ஸும் சேர்ந்து எழுதிய கட்டுரை, இத்தகைய சிந்தனைக்கு மருத்துவ உலகில் ஓர் இடம் பெற்றுத் தந்தது. இந்த நோயாளியின் உடலில் எது பழுதானது என்பது மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. மனித உடலே ஏன் இந்த நோய்க்கு இடம் கொடுக்கும்படி அமைந்தது என்ற கேள்வியை அவர்கள் கூடவே வைத்தார்கள். தருமபுரிக்கு இந்த இரண்டாவது கேள்வி மிகவும் தேவைப்படுகிறது. சோம்பல், அறியாமை, தலைவிதி என்று நோயாளியின் தலையில் கட்டப்படும் பலவும், உடலின் நீண்ட வரலாறும் இரண்டு மூன்று தலைமுறைக்குள் மாறிப்போன வாழ்க்கையும் மோதுவதால் வருபவை. அதற்கான தீர்வை நோயாளியிடம் மட்டும் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. குடிதண்ணீர்க் குழாயிலும் ரேஷன் கடையிலும் பள்ளிக்கூடத்திலும் தேட வேண்டும்.

நாக்குக்குத் தெரியாத நஞ்சு

தருமபுரி கிராமங்களில் பல்லில் பழுப்புக் கறை படிந்தவர்களைப் பார்க்கலாம். வெற்றிலை, புகையிலை பக்கமே போகாதவர்களுக்கும் அந்தக் கறை உண்டு. பாதிப்பு முற்றினால் முதுகு விறைக்கும், மூட்டு மடங்காது, கால் வளையும். ஃபுளோரைடு மிகுந்த தண்ணீரைப் பல ஆண்டுகள் குடிப்பதால் வரும் ஃபுளோரோசிஸ் இது. பழைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இந்த எலும்பு நோயை ஷார்ட் என்ற ஆங்கில மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் 1937-இல் விரிவாகப் பதிவு செய்தார்கள்.

தருமபுரி மண்ணுக்கு அடியில் இருப்பது கடினப் பாறை. அதில் ஃபுளோரைடு கொண்ட கனிமங்கள் உண்டு. ஏற்றமும் கவலையும் இறைத்த காலத்தில் மக்கள் குடித்தது மழையில் ஊறிய மேல்மட்டக் கிணற்று நீர். போர் போடத் தொடங்கி, நூறு அடி ஐந்நூறு அடியாகி, ஐந்நூறு ஆயிரமாகியபோது, பாறை இடுக்கில் நெடுங்காலம் தங்கி ஃபுளோரைடைக் கரைத்துக்கொண்ட தண்ணீர் குடத்துக்கு வந்தது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். இந்த வரம்பைத் தாண்டிய ஆழ்துளைக் கிணறுகள் இங்கே ஏராளம்.

உடல் ஏன் இதைத் தடுத்து நிறுத்தவில்லை? கசப்பு என்றால் நாக்கு துப்பிவிடும். செடிகளின் நஞ்சில் பெரும்பகுதி கசப்பானது என்பதால் அந்தத் திறமை வளர்ந்தது. உப்புக் கரித்தால் குடிக்க முடியாது. அழுகிய நாற்றம் மூக்குக்குத் தெரியும். ஃபுளோரைடுக்கோ நிறமில்லை, மணமில்லை, இந்த அளவில் சுவையும் இல்லை. இலட்சக்கணக்கான ஆண்டுகளாக ஓடையிலும் ஊற்றிலும் குளத்திலும் வாய் வைத்துக் குடித்த உயிரினம், ஆயிரம் அடி ஆழத்துப் பாறைத் தண்ணீரைச் சந்தித்ததே இல்லை. சந்திக்காத ஆபத்துக்கு எச்சரிக்கை மணி எப்படி அமையும்? போதாக்குறைக்கு, ஃபுளோரைடு மிகுந்த தண்ணீரில் பெரும்பாலும் கால்சியம் குறைவாக இருக்கும். அதனால் அது கடினநீராக இருக்காது. வாயில் வைத்தால் நல்ல தண்ணீர் போலவே தோன்றும்.

எலும்பின் அமைப்பும் ஃபுளோரைடுக்குக் கதவைத் திறந்து விடுகிறது. பல்லும் எலும்பும் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஒரு படிகத்தால் ஆனவை. அந்தப் படிகத்தில் ஃபுளோரைடு இயல்பாகப் பொருந்திக்கொள்ளும். சுறாமீனின் பல்லைப் போர்த்தியிருக்கும் கடினமான பூச்சே ஃபுளோரைடு கலந்த படிகம்தான். சிறிதளவு சேர்ந்தால் பல் சொத்தையைக் குறைக்கும் அதே பொருள், அளவு மீறினால் எலும்பை உருக்குலைக்கிறது. வளரும் எலும்பு அதிகமாக இழுத்துக்கொள்வதால் குழந்தைகளிடம் கூடுதலாகத் தங்கிவிடுகிறது. நிரந்தரப் பற்கள் உருவாகும் வயதில் குடித்த தண்ணீரின் தடம் வாழ்நாள் முழுவதும் பல்லில் தெரியும்.

இந்தச் சிக்கலுக்கு மாத்திரை கிடையாது. தண்ணீரை மாற்றுவதுதான் மருந்து. சுமார் 1,928 கோடி ரூபாயில், ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு, 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் குறைப்புத் திட்டம் அதைத்தான் செய்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு காவிரி ஆற்றுத் தண்ணீரைத் திருப்பிக் கொடுத்த அந்தத் திட்டத்தைத் தமிழகத்தின் பெரிய மருத்துவப் பணிகளில் ஒன்றாகவே எண்ண வேண்டும். ஆனால் குழாயில் காவிரி வராத நாளில் குடம் மறுபடியும் போர் தண்ணீருக்குத்தான் போகும். நாக்கு தடுக்காது என்பதால், தடுக்கும் பொறுப்பு நிர்வாகத்துக்கு வந்துவிடுகிறது.

பஞ்சம் பார்த்த உடல்

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாது வருஷப் பஞ்சம் அன்றைய சேலம் மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. தருமபுரி அப்போது சேலத்தின் பகுதி. 1965-இல்தான் தனி மாவட்டமானது. பஞ்சம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. மனித இனத்துக்கே புதிதல்ல. கிடைக்கும்போது உண்டு, மிஞ்சியதைக் கொழுப்பாகச் சேமித்து, கிடைக்காத நாளில் அதைச் செலவழிப்பது உடல் கற்ற வித்தை. 1962-இல் அமெரிக்க மரபியலாளர் ஜேம்ஸ் நீல், பஞ்சத்தில் காப்பாற்றிய சிக்கன மரபணுக்களே வளமான காலத்தில் நீரிழிவைக் கொண்டுவருகின்றனவோ என்று கேட்டார். அந்தக் கருத்து அப்படியே நிரூபணமாகவில்லை. ஆனால் அது கிளப்பிய கேள்வி பயனுள்ள வேறொரு பாதையைத் திறந்தது.

இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்டுஷையரில் பழைய பிறப்புப் பதிவேடுகளைப் புரட்டிய மருத்துவ ஆய்வாளர் டேவிட் பார்க்கர், எடை குறைந்து பிறந்தவர்கள் பிற்காலத்தில் இதயநோயால் அதிகம் இறந்ததை 1989-இல் வெளியிட்டார். புனே அருகே உள்ள கிராமங்களில் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழு நடத்திய ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. அந்தக் கிராமத்துக் குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோ எடையில் பிறந்தன. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் சராசரி 3.5 கிலோ. எடை குறைந்த அந்த இந்தியக் குழந்தைகளிடம் தசை குறைந்திருந்தது, கொழுப்பு மட்டும் பெருமளவு காப்பாற்றப்பட்டிருந்தது. கருவறையில் போதிய ஊட்டம் இல்லாத சிசு, வெளியுலகமும் இப்படித்தான் வறண்டிருக்கும் என்ற கணக்கில் தன் உடலை அமைத்துக்கொள்கிறது என்பது இதற்குத் தரப்படும் விளக்கம். பிறந்த பின் அதே குழந்தைக்குத் தீட்டிய அரிசியும் சர்க்கரையும் உட்கார்ந்த வேலையும் வாய்த்தால் கணக்கு பொய்த்துப்போகிறது. 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் – இந்தியாப் ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. அவர்களில் ஒல்லியானவர்களும் ஏழைகளும் நிறைய உண்டு. "வாயைக் கட்டு" என்று நோயாளியை மட்டும் அதட்டுவது, அவருடைய அம்மா கர்ப்பமாக இருந்தபோது என்ன சாப்பிட்டார் என்ற கேள்வியைத் தவிர்ப்பதாகும்.

இங்கேதான் ராகிக் களி வருகிறது. தருமபுரியின் மானாவாரி நிலத்தில் ராகியும் மலைப்பகுதியில் சாமையும் நெடுங்காலப் பயிர்கள். 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவுதான். கால்சியம் குறைந்த உணவு ஃபுளோரைடின் தீங்கைக் கூட்டும் என்பதால், தண்ணீர் கெட்ட ஊரில் ராகி கைவிடப்பட்டது இரட்டை இழப்பு. 2023-இல் தமிழக அரசு தருமபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாக 2 கிலோ ராகி தரும் திட்டத்தைத் தொடங்கியது. உள்ளூர் விவசாயிகளிடமிருந்தே ராகி கொள்முதல் செய்யவும் ஏற்பாடு நடந்தது. சரியான திசையில் வைத்த அடி அது.

அதற்காக ராகியை மந்திரமாக ஆக்கவும் வேண்டாம். ராகியும் மாவுச்சத்துதான், நைசாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை வேகமாகவே ஏறும். காடு கழனியில் நாள் முழுக்க உழைத்தவருக்குப் பொருந்திய களி உருண்டையின் அளவு, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குப் பொருந்தாது. முன்னோர் வாழ்ந்தபடி வாழ்ந்தால் நோயே வராது என்பதும் உண்மையல்ல. இயற்கைத் தேர்வு பார்ப்பது பிள்ளை பிறந்து வளர்கிறதா என்பதைத்தான். அறுபது வயதில் முழங்கால் வலிக்கிறதா என்பதை அல்ல. அரூருக்கு அப்பால் கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையில் உள்ள சிட்லிங்கிப் பள்ளத்தாக்குக்கு மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் 1990-களின் தொடக்கத்தில் வந்தபோது, அங்கே பிறந்த 1,000 குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. மலைக் காற்றும் சாமைச் சோறும் அவற்றைக் காப்பாற்றவில்லை. காப்பாற்றியவை குடிசையில் தொடங்கிய மருத்துவமனையும், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்களும், பாதுகாப்பான பிரசவமும்தான். அதே மருத்துவர்கள் பின்னாளில் இயற்கை விவசாயத்துக்கும் சிறுதானியத்துக்கும் துணை நின்றார்கள். நவீன மருத்துவமும் பழைய தானியமும் அங்கே ஒன்றுக்கொன்று பகையாக நிற்கவில்லை. தருமபுரி முழுவதற்கும் இதைவிட நல்ல முன்மாதிரி வேண்டியதில்லை.

இரத்தத்தில் எழுதிய மலேரியா

1952-இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடியினரின் இரத்தத்தில் அரிவாள் செல் தன்மையைக் கண்டார்கள். பெரும்பாலும் ஆப்பிரிக்காவோடு இணைத்துப் பேசப்பட்ட அந்த மரபணு இந்திய மலைகளிலும் இருப்பது அப்போதுதான் உலகுக்குத் தெரிந்தது. பெற்றோர் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மரபணு வந்தால் அந்தக் குழந்தை பெரும்பாலும் நலமாகவே வாழும். கொடிய மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பும் கிடைக்கும். ஆப்பிரிக்காவில் அதை ஆய்வாளர் ஆண்டனி ஆலிசன் 1954-இல் நிறுவினார். பெற்றோர் இருவரிடமிருந்தும் இந்த மரபணு வந்தால் சிவப்பணுக்கள் அரிவாளாக வளைந்து, இரத்தக் குழாயை அடைத்து, தாங்க முடியாத வலியும் இரத்தசோகையும் வரும். தலசீமியா என்ற மற்றொரு பரம்பரை இரத்த நோய்க்கும் இதே போன்ற மலேரியாத் தொடர்பு இருக்கலாம் என்று 1949-இலேயே ஊகித்தவர் மரபியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன்.

காட்டுக் காய்ச்சல் ஆண்ட நாளில் ஒரு மக்கள் கூட்டத்தைக் காத்த மரபணு, காய்ச்சல் தணிந்த பின் அதன் விலையை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறது. இந்த வரலாறு தெரிந்தால், "கெட்ட ரத்தம்", "குடும்ப சாபம்" என்ற பேச்சுக்கு இடமில்லை. 2023 ஜூலை 1 அன்று தொடங்கிய தேசிய அரிவாள் செல் இரத்தசோகை ஒழிப்பு இயக்கம், 7 கோடிப் பேருக்குப் பரிசோதனை செய்வதை இலக்காக வைத்தது. சித்தேரி, வத்தல்மலை போன்ற தருமபுரி மலைகளிலும் பரிசோதனை முடிவுச் சீட்டோடு இந்த விளக்கமும் தாய்மொழியில் போய்ச் சேர வேண்டும். மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கம் உள்ள பகுதியில், இருவரும் இதே மரபணுவைச் சுமக்கும் வாய்ப்பு கூடுகிறது. இருவரும் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு கருவுக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. சுமப்பவர் நோயாளி அல்ல. பெண் கொடுக்கவும் எடுக்கவும் தடையானவரும் அல்ல. தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டியவர், அவ்வளவுதான். சோகை என்றாலே சோதனையின்றி இரும்புச்சத்து மாத்திரையைத் தொடர்வதும் மாற வேண்டும். தலசீமியாவால் வரும் சோகை இரும்பால் தீராது.

ஆறு மாதத்தின் பொருள்

பரிணாமம் கோடி ஆண்டுக் கதை மட்டுமல்ல. ஒரு காசநோயாளியின் நுரையீரலில் அது சில வாரங்களில் நடக்கிறது. 1948-இல் பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தபோது நோயாளிகள் முதலில் தேறினார்கள். பிறகு மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகின. ஒரு மருந்துக்குத் தப்பும் கிருமி இருக்கலாம், மூன்று நான்கு மருந்துகளுக்கு ஒருசேரத் தப்பும் கிருமி மிக மிக அரிது என்பதே கூட்டு மருந்தின் தத்துவம். 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், கூட்டு மருந்தை வீட்டிலிருந்தே சாப்பிட்டும் குணமாகலாம் என்று உலகுக்குக் காட்டியது. இருமல் நின்றதும் ஆறு மாத மருந்தை இரண்டாம் மாதத்திலேயே நிறுத்துபவர், எஞ்சியிருக்கும் வலுத்த கிருமிகளுக்குக் களத்தைத் திறந்துவிடுகிறார். சாதாரண சளிக்கு மருந்துக் கடையில் இரண்டு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிப் போடுவதிலும் இதே ஆபத்து இருக்கிறது. சளி வைரஸால் வருவது, அந்த மாத்திரை வைரஸைத் தொடவே தொடாது. "ஆறு மாதம் சாப்பிடுங்கள்" என்று உத்தரவிடும் மருத்துவமனை, ஏன் ஆறு மாதம் என்பதையும் சொன்னால் நோயாளி ஒத்துழைப்பார்.

அந்தக் காரணத்தைச் சொல்ல, சொல்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். 2023-இல் மத்திய அரசின் பாடநூல் நிறுவனமான என்சிஇஆர்டி பத்தாம் வகுப்புப் பாடத்திலிருந்து பரிணாமத்தை நீக்கியது தெரியவந்தபோது, 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்ப்புக் கடிதத்தில் கையொப்பமிட்டார்கள். தமிழ்நாட்டுப் பாடநூல் பத்தாம் வகுப்பில் பரிணாமத்துக்குத் தனிப் பாடம் வைத்திருப்பது பெருமைக்குரியது. ஆனால் பொதுத்தேர்வுக்கான நான்கு மதிப்பெண் வினாவோடு அது முடிந்துவிடக் கூடாது. ஊர்ப் போர் தண்ணீரையும், தாத்தாவின் பல்லையும், அத்தையின் சர்க்கரையையும் அந்தப் பாடத்தோடு சேர்த்துச் சொல்லும் ஆசிரியர் தருமபுரிக்கு வேண்டும். 2008 முதல் இயங்கும் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி, தன் மாவட்டத்து நோய்களையே பாடமாக வைத்துப் பரிணாம மருத்துவத்தைக் கற்பிக்க முன்வரலாம்.

அரசு செய்ய வேண்டியவை தெளிவானவை. ஒவ்வொரு மேல்நிலைத் தொட்டியிலும் அந்தத் தண்ணீரின் ஃபுளோரைடு அளவைத் தேதியோடு எழுதிவைக்க வேண்டும். ராகி விநியோகம் தடையின்றித் தொடர வேண்டும். வளரிளம் பெண்களின், கர்ப்பிணிகளின் ஊட்டத்தை நீரிழிவுத் தடுப்பின் முதல் படியாகக் கருதி நிதி ஒதுக்க வேண்டும்.

மக்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று தமிழகம் முழுவதும் கிராம சபை கூடுகிறது. ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வோர் ஊரிலும் ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைப் பெட்டியைப் பயன்படுத்தப் பயிற்சி தர வழி இருக்கிறது. அந்தப் பெட்டியால் ஃபுளோரைடையும் அளக்கலாம். உங்கள் ஊரில் அந்தப் பெட்டி எங்கே, கடைசியாக எப்போது சோதித்தார்கள், அளவு எவ்வளவு என்று அந்தச் சபையில் எழுந்து கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.